ரப்பரா, இரும்பா? 11 வருடம் நின்ற ஓர் ஆல்ஃபா ஜிடிவி

2023 செப்டம்பரில், ஒரே வாரத்தில், இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் இரண்டு வண்டிகளைப் பார்த்தேன். இரண்டும் ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி, 3 லிட்டர் வி6, 1999ஆம் வருடத்து மாடல். நிறம்கூட ஒரே சிவப்பு. முதல் வண்டி 1,12,000 மைல் ஓடியிருந்தது. தினமும் வேலைக்குப் போய்வந்த வண்டி; சர்வீஸ் ரசீதுகள் ஒரு தடித்த ஃபைல் நிறைய இருந்தன. இரண்டாவது வண்டி ஓடியது 46,000 மைல்தான். ஆனால் 2012க்குப் பிறகு ஒரு வீட்டுக் கராஜை விட்டு அது வெளியே வரவே இல்லை.

ஓடுகிற வண்டியை வாங்கு, நிற்கிற வண்டியை வாங்காதே என்பார்கள். பெரும்பாலும் சரியான பேச்சுதான். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். திரும்பும்போது முடிவு மாறியிருந்தது. நின்ற வண்டியை வாங்கினேன். ஏன் வாங்கினேன், அதை ரோட்டுக்குக் கொண்டுவர என்னென்ன செய்தோம், எங்கே தவறினேன், எவ்வளவு செலவானது என்பதையெல்லாம் கையிலிருக்கும் ரசீதுகளைப் பார்த்து எழுதுகிறேன். இதே மாதிரி வண்டியைத் தேடுகிற யாருக்காவது உதவட்டும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1994 பாரிஸ் கார் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டு, 1995இல் விற்பனைக்கு வந்த மாடல் இது. பினின்ஃபரீனாவில் இருந்த என்ரிக்கோ ஃபூமியா வரைந்த உருவம். பக்கவாட்டில் ஒரு மடிப்பு முன்சக்கரத்துக்கு அருகே தொடங்கி, மேலேறிக்கொண்டே போய் வால்பக்கம் முடியும். பெரிய பானெட்டில் நான்கு வட்டத் துளைகள்; அவற்றின் வழியாக விளக்குகள் எட்டிப் பார்க்கும். எனக்கு ஆசை வந்தது அந்த முகத்தைப் பார்த்துத்தான். மனம் மாறாமல் இருந்ததற்குக் காரணம் இன்ஜின். ஜுசெப்பே புஸ்ஸோ வடிவமைத்த வி6 அது; மூன்று மூன்றாக இரண்டு வரிசைச் சிலிண்டர்கள். 1979இல் ஆல்ஃபா 6 காரில் வந்து, 2005 முடியும்வரை மிலானுக்குப் பக்கத்திலுள்ள ஆரேஸேவில் தயாரானது. உற்பத்தி நின்ற சில நாட்களில், 2006 ஜனவரியில், புஸ்ஸோவும் காலமானார். பானெட்டைத் திறந்தால் ஆறு குரோம் குழாய்கள் வரிசையாகப் பளபளக்கும். இந்த வண்டியில் இருப்பது 24 வால்வு, 220 குதிரைத்திறன். ஒருமுறை அதன் சத்தத்தை 5,000 ஆர்பிஎம்மில் கேட்டவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, முதல் வண்டி.

உரிமையாளர் நல்லவிதமாகவே பேசினார். வண்டியை ஓட்டியும் பார்த்தேன். கியர் சுத்தமாக விழுந்தது, இன்ஜினில் குறையில்லை. வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் இரண்டு வருடம் முன்புதான் மாற்றியது, ரசீது இருந்தது. அந்த நிமிடமே பணம் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் போவதற்கு முன்பே அந்த வண்டியின் எம்ஓடி வரலாற்றைப் படித்திருந்தேன். வருடாந்தரத் தகுதிச் சோதனைக்கு இங்கே எம்ஓடி என்று பெயர். 2005 முதலான சோதனை முடிவுகளை அரசுத் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2018 சோதனையில், முன்பக்கத் தரையிலும், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பகுதியிலும் துரு என்று எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். 2019 சோதனையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துரு தானாகப் போகாது. வெல்டிங் செய்திருக்க வேண்டும். அப்படியானால் அத்தனை தடித்த ஃபைலில் வெல்டிங் ரசீதும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். வைப்பர் பிளேடு வாங்கிய ரசீதுகூட இருந்தது, வெல்டிங்குக்கு ஒன்றும் இல்லை.

அனுமதி கேட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கொஞ்சம் இறக்கினேன். இந்த மாடலில் சேறும் உப்பும் தங்குகிற இடம் அது. குளிர்காலத்தில் இங்கே பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் மறைப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் தகட்டைத் தின்னும். உள்ளே துருத் தடுப்புப் பூச்சான கறுப்பு அண்டர்சீல் புத்தம்புதிதாக, தாராளமாகப் பூசியிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். இரண்டு சாண் தூரத்துக்கு 'டங்' வந்தது. அப்புறம் 'பொத்' என்று ஒரு சத்தம். இன்னும் ஒரு சாணுக்கு 'பொத்' மட்டும்தான். பூச்சுக்கு அடியில் தகடு எவ்வளவு மிச்சம் என்பதை வெட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வெல்டிங் செய்கிற ஒருவரிடம் பிறகு கேட்டபோது 2,500 பவுண்ட் என்று தொடங்கினார். திறந்து பார்த்த பிறகு அது எங்கே போய் முடியும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. கேட்ட விலை 4,200. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். விற்றவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பூசிவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டாவது வண்டியின் சொந்தக்காரருக்கு வயது 78. முழங்கால் தேய்ந்து, அவ்வளவு தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழ முடியாமல் போனபோது நிறுத்தியதாம். பருத்திப் போர்வை போர்த்தி, நான்கு சக்கரத்துக்கும் கீழே பழைய கார்ப்பெட் துண்டுகளை விரித்து வைத்திருந்தார். கராஜ் காய்ந்திருந்தது. முதலில் நான் கவனித்தது அதைத்தான்: சுவரில் ஈரம் ஏறிய கறை இல்லை, பூஞ்சை வாடை இல்லை.

வண்டிக்குக் கீழே படுத்து அரைமணி நேரம் தட்டினேன். முன்தரை, சில், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் உட்காரும் இடம் என்று எங்கே தட்டினாலும் 'டங்'. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. அங்கங்கே கல் தெறித்த புள்ளிகள் மட்டும். மற்றபடி, மென்மையாக இருக்க வேண்டியது எல்லாம் செத்திருந்தது. டயரில் பட்டன் ஆழம் புதிது மாதிரி இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 2309. அதாவது 2009ஆம் வருடம் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. முன் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களில் விரல் நுழைகிற விரிசல். கூலன்ட் ஹோஸ்களை அமுக்கினால் சில கல் மாதிரி இருந்தன, சில சதசதவென்று இருந்தன. பெட்ரோல் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாக வார்னிஷ் வாடை அடித்தது.

முடிவு எடுத்தது அங்கேதான். ரப்பரை வாங்கிப் போடலாம். ஹோஸ், புஷ், டயர், சீல், பெல்ட் எல்லாம் அட்டைப்பெட்டியில் வரும். விலையும் முன்கூட்டியே தெரியும். தரைத் தகடு அப்படி வராது. முதல் வண்டியில் எனக்குத் தெரியாத செலவு ஒன்று இருந்தது. இரண்டாவது வண்டியில் தெரிந்த செலவுகள் முப்பது இருந்தன. காய்ந்த கராஜில் நிற்கிற வண்டிக்கு உப்புத் தண்ணீர் படுவதில்லை. அதற்கு ரப்பரில்தான் வயதாகிறது. ஈரமான கராஜிலோ புல்தரையிலோ நின்றிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பெரியவருக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்ட ஆசை. ஒரு பேட்டரியைக்கூட இரவல் வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஃபைலின்படி டைமிங் பெல்ட் கடைசியாக மாறியது 2006இல். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் இடிக்கும், வால்வுகள் வளையும். பதினேழு வருடப் பழைய பெல்ட்டை ஒரு நிமிடம் சத்தம் கேட்பதற்காகச் சுற்ற விடுவது எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் புரிந்தது. விலையை 3,400 பவுண்டில் முடித்தோம். சாவிகள் இரண்டையும் கொடுத்துவிட்டு, தன் பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஆல்ஃபா கோட் கார்டு. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் எண் அதில்தான் இருக்கும். பதினோரு வருடமும் அதை வங்கி அட்டைகளோடு வைத்திருந்திருக்கிறார். அட்டையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகியிருந்தன.

டிரெய்லரில் வீட்டுக்கு வந்து இறங்கியபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, இது ஓடுமா, இல்ல நம்ம கராஜ்லயும் இப்படியே நிக்குமா?" நியாயமான கேள்வி. வசந்தத்துக்குள் ஓடும் என்று சொன்னேன்.

பெல்ட் வேலைக்கு முதலில் போன இடம் பக்கத்திலிருக்கும் பொதுவான ஒரு கராஜ். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைப் பூட்டும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் தேவையில்லை, பழைய பெல்ட்டில் பெயிண்டால் குறி வைத்துக்கொண்டு புதியதில் அதே இடத்தில் மாட்டிவிடுவோம் என்றார்கள். சில இன்ஜின்களுக்கு அது போதும். இதில் நான்கு கேம். ஒவ்வொன்றையும் அதற்கென்று செய்த பூட்டால் பிடித்து நிறுத்த வேண்டும். பிளக் துவாரம் வழியாக டயல் கேஜ் விட்டுப் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை அளக்க வேண்டும். அதன் பிறகுதான் பெல்ட். பழைய பெல்ட் ஏற்கனவே ஒரு பல் தள்ளி இருந்தால், பெயிண்ட் குறி அந்தத் தவறையும் சேர்த்துப் புதிய பெல்ட்டுக்குக் கொண்டுபோகும். நன்றி சொல்லிவிட்டு, இத்தாலிய வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒருவரிடம் ஆறு வாரம் காத்திருந்து கொடுத்தேன். காத்திருந்தது வீண் போகவில்லை. பின்வரிசையின் ஒரு கேம் சற்று விலகித்தான் இருந்ததாம்.

அவர் செய்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒருநாள் அப்படியே விட்டார். மறுநாள் நீளமான ஸ்பேனரால் கையாலேயே இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார், தடையில்லாமல் சுற்றியது. அப்புறம் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றினார். கழற்றிய பம்ப்பை எனக்காக எடுத்து வைத்திருந்தார். உள்ளே சுழலும் சக்கரம் பிளாஸ்டிக்; ஒரு ஓரத்தில் விரிசல். உலோகச் சக்கரம் உள்ள பம்ப் போட்டோம். பின்வரிசைப் பிளக்குகளை எட்ட வேண்டுமானால் அந்தக் குரோம் குழாய்களையும் அதன் மேல்தொட்டியையும் மொத்தமாக இறக்க வேண்டும். இறக்கினதும் அடியில் இன்ஜினின் பள்ளம் தெரியும். அதற்குள் சின்னச் சின்ன ஹோஸ்கள் ஓடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேங்கை முழுக்க வடித்து, பம்ப்பும் ஃபில்டரும் ஹோஸும் மாற்றிய பிறகு, பம்ப்பின் ரிலேயைக் கழற்றிவிட்டு எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினார். ரிலேயைத் திரும்பப் போட்டார். இரண்டாவது முறை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் நீலப்புகை. சிலிண்டரில் விட்ட எண்ணெய்தான். புகை தெளிந்ததும் ஆறு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. நான் அங்கேதான் நின்றிருந்தேன். பெரியவருக்கு ஃபோன் போட்டு, பேசாமல் ஃபோனை இன்ஜின் பக்கம் நீட்டினேன்.

பிரேக் வேலை பெரிய கதை இல்லை. டிஸ்க் நான்கும் துருவில் பள்ளம் விழுந்தவை, புதிது. பின்பக்கக் காலிப்பர் இரண்டும் இறுகியிருந்தன, புதுப்பித்தவை மாட்டினோம். ஹோஸ், திரவம், டயர், முன்பக்கக் கீழ் ஆர்ம் இரண்டும் புதிது. எம்ஓடிக்கு முன்பதிவு செய்திருந்தால், சோதனைக்கு ஓட்டிப் போக எம்ஓடி இல்லாமலேயே சட்டம் அனுமதிக்கிறது. இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டாயம். மார்ச்சில் முதல் தடவையிலேயே தேறியது. மனைவிக்குச் சொன்ன கெடு காப்பாற்றப்பட்டது.

அப்புறம்தான் நான் செய்த தவறு வெளியே வந்தது.

மேல்தொட்டியை இறக்கியிருந்தபோது மெக்கானிக் கேட்டார்: பள்ளத்தில் இருக்கிற ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று. மூன்று மோசமாக இருந்தன. நான்காவது, விரல் பருமன்கூட இல்லாத ஒரு சின்ன ஹோஸ், பார்க்க நன்றாக இருந்தது. அந்த ஒன்று கையிருப்பில் இல்லை, வர பத்து நாள் ஆகும் என்றார்கள். பரவாயில்லை, விடுங்கள் என்று சொன்னது நான். ஏப்ரலில், 300 மைல் ஓடிய நிலையில், எம்1 நெடுஞ்சாலையில் அந்த ஹோஸ் வெடித்தது. பானெட் ஓரத்தில் வெள்ளையாக ஆவி, இனிப்பு வாடை. வெப்பமுள் ஏறுவதற்குள் ஓரங்கட்டி அணைத்துவிட்டேன், அதனால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் பிழைத்தது. ஆனால் இருபது பவுண்ட் பெறாத ஒரு ரப்பர் துண்டுக்காக வண்டியை இழுத்துப் போய், மேல்தொட்டியை மறுபடி இறக்கி, 340 பவுண்ட் கொடுத்தேன். மற்ற மூன்றும் அதே நாளில், அதே தொழிற்சாலையில் மாட்டியவை. மூன்று செத்துவிட்டன என்று தெரிந்த பிறகு நான்காவதை நான் கண்ணால் பார்த்து நம்பியிருக்கக் கூடாது. பத்து நாள் காத்திருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை திறந்ததில் ஒரு நன்மை: கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினோம். அது திறந்தபடியே சிக்கியிருந்ததால், முள் 70 டிகிரியைத் தாண்டாமல் இருந்தது. நான் அதை நல்ல குளிர்ச்சி என்று நினைத்திருந்தேன். இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். மாற்றிய பிறகு முள் நடுவுக்குப் பக்கத்தில் நிலையாக நிற்கிறது.

அழகு வேலையைக் கடைசிக்கு வைத்தேன். டிக்கியில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் இருந்தது. மனைவியை வெளியே தண்ணீர் ஊற்றச் சொல்லி, நான் உள்ளே சுருண்டு படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்விளக்கின் சீல் சுருங்கி ஒரு மூலையில் சொட்டியது. பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது. அங்கே தண்ணீர் நிற்கவிடக் கூடாது. புதிய சீல் போட்டு, கார்ப்பெட்டை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன்.

பெயிண்ட்டின் சிவப்பு வெளிறி, கூரையில் கொஞ்சம் செங்கல் நிறம் தட்டியிருந்தது. பாலிஷ் போடும் முன் பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். கதவிலும் கூரையிலும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. மறுபெயிண்ட் இல்லை என்று நிம்மதி. பானெட்டில் வைத்தால் எண்ணே வரவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பிறகுதான் உறைத்தது: இந்த வண்டியின் பானெட் இரும்பு இல்லை, கலவைப் பொருளில் வார்த்தது. கருவிக்கு அடியில் உலோகம் இருந்தால்தான் அளவு காட்டும். எனவே பானெட்டில் மிகவும் மென்மையான பாலிஷ் மட்டும், மெஷின் வேகத்தைக் குறைத்துப் போட்டேன். மூன்று சனிக்கிழமைகள். ஒவ்வொரு பகுதியாகத் துணியைத் திருப்பும்போது செங்கல் தூள் துணியில் வந்தது, அடியிலிருந்து பழைய சிவப்பு வந்தது. கல் தெறித்த புள்ளிகளைத் தொடவில்லை. முழு மறுபெயிண்ட் அடித்தால் இந்தத் தொழிற்சாலைப் பெயிண்ட் இனி கிடைக்காது. 46,000 மைலுக்கான அடையாளங்கள் அங்கே இருக்கட்டும். தோல் சீட்டை மென்மையான பிரஷும் தோலுக்கான சோப்பும் கொண்டு துடைத்ததே போதுமாக இருந்தது. ஓட்டுநர் சீட்டின் வெளியோரம் மட்டும் பெரியவர் வருடக்கணக்கில் சறுக்கி இறங்கி இறங்கித் தேய்ந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கணக்கு பவுண்டில். வண்டி 3,400. டிரெய்லர் 180. பெல்ட், பம்ப், பிளக், கேஸ்கெட், ஹோஸ் சேர்த்து 1,450. பெட்ரோல் பகுதி 310. பிரேக் 620. டயர் 420. சஸ்பென்ஷன் 390. என் தவறுக்கு 340. டிக்கி சீல் 60. சில்லறைச் செலவு 250. வாங்கிய விலைக்கு மேல் 4,020, மொத்தம் 7,420. இந்த விலைக்கு எல்லாம் முடிந்த ஒரு வண்டியைத் தேடி எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எடுக்கலாம். தரையை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. லண்டனில் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லாப் பகுதிகளும் தூய காற்று வலயத்துக்குள் வந்துவிட்டன. யூரோ 4 புகைத் தரத்துக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் வண்டி உள்ளே போனால் நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் கட்டணம். அந்த வயது வண்டிகளைப் பார்க்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் லண்டனுக்கு ரயிலில்தான் போகிறேன். வண்டிக்கு ஊர்ப்புறச் சாலைகள் இருக்கின்றன. எண்ணெய் சூடாகும்வரை 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை, அதற்கப்புறம் அது கேட்பதைக் கொடுக்கிறேன். எத்தனாலுக்குப் பயந்து இ10 போடாமல் சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்க விடுவதில்லை. உப்புத் தூவும் மாதங்களில், மழை கழுவிய காய்ந்த ரோடு இருந்தால் மட்டும் வெளியே எடுக்கிறேன்.

சென்ற ஜூனில் பெரியவர் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். பக்கத்து சீட்டில் அவரை உட்கார வைக்க நானும் அவர் மகனும் ஆளுக்கொரு தோளைப் பிடித்தோம். நாற்பது நிமிடம் சுற்றினோம். இரண்டாவது கியரில் ஒரு மேட்டில் ஏறும்போது கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறங்கியதும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பெல்ட் மறைப்பின் மேல் மெக்கானிக் ஒட்டியிருந்த சீட்டை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். அதில் மாற்றிய தேதி, மைல், அடுத்து மாற்ற வேண்டிய வருடம் எல்லாம் எழுதியிருக்கும். பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றிவிட்டாயா என்று கேட்டார். இன்னும் இல்லை. பெட்டி வந்துவிட்டது; அடுத்த மாதம் மாட்டுகிறோம்.